ஆரணிக்குப் பக்கத்தில் சில தீவுகள்

கொரிய நாடகங்களைப் பார்த்துவிட்டு, ஜெஜு தீவுக்குப் போயே தீருவேன் என்று இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அடம்பிடிக்கிறது. தப்பில்லை. 1,947 மீட்டர் உயரத்தில் ஹல்லாசன் எரிமலை, மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் ஹேன்யோ பெண்கள், அவர்கள் எடுத்துவரும் அபலோனைப் போட்டுக் காய்ச்சிய அரிசிக்கஞ்சி என்று பார்க்கவும் சாப்பிடவும் அங்கே நிறைய இருக்கிறது. பாஸ்போர்ட்டும் பணமும் கூடிவரும்வரை, பஸ் டிக்கெட்டில் முடிகிற ஒரு பயணம் சொல்கிறேன்.

ஆரணியிலிருந்து போளூர் போகும் தடத்தில், வடமாதிமங்கலத்தில் பிரிந்தால் திருமலை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஒரே பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரம். தமிழகச் சமணச் சிலைகளில் இதுவே பெரியது. குகை ஓவியங்களில் பாதி மங்கிவிட்டன. மிச்சத்தைப் பார்க்கவே கண் பழக வேண்டும், அவசரப்படாதீர்கள்.

தீவு எங்கே என்கிறீர்களா? பாறையில் இருக்கிறது. ராஜேந்திர சோழன் வென்ற நாடுகளை அடுக்கும் ஆயிரமாண்டுக் கல்வெட்டு அது. ஈழம், சாந்திமத்தீவு, பல பழந்தீவுகள், அப்புறம் வங்காளம், கங்கை. கடாரம் மட்டும் இல்லை. அந்தப் படையெடுப்புக்கு இது முந்தியது.

இத்தனை ஆர்ப்பாட்டமும் எதற்கு முன்னுரை தெரியுமா? நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, இங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்த செய்திக்கு. குந்தவை, ராஜராஜனின் அக்கா. எனக்கென்னவோ, கங்கை வரை போன படையைவிட சாமுண்டப்பையின் சோற்றுக் கணக்குதான் பிடிக்கிறது.

சோறு என்றதும் களம்பூரைச் சொல்லாமல் விட முடியாது. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளிலிருந்து வரும் பொன்னிக்குச் சென்னைக் கடைகளில் தனி மதிப்பு. சமணர் வீட்டு இலையில் மீனோ இறைச்சியோ கிடையாது. நோன்பில் கண்டிப்பானவர்கள் கிழங்கு, வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. பொழுது சாயுமுன் சாப்பாட்டையும் முடித்துவிடுவார்கள்.

உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் ஆரணிக்குத் திரும்பி, ராத்திரி பரோட்டா சாப்பிடலாம். பட்டுக்கடைக்குள் மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் நுழையாதீர்கள். அங்கிருந்து யாரும் சீக்கிரம் வெளியே வருவதில்லை.