கூடப்பிறந்தவர் மஜ்ஜை

தலசீமியா உள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்றதும் டாக்டர் முதலில் கேட்பது, "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" பெற்றவர்கள் பக்கத்திலேயே நிற்க, ஏன் அண்ணன் தங்கையைத் தேடுகிறார்கள்?

விடை கிடைத்தது அமெரிக்க ஆய்வுக்கூட நாய்களிடம். 1957-இல் டானல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்தியதை வெளியிட்டார். ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. பிறகு வெகுகாலம் நாய்களோடுதான் வேலை. பொருந்தாத மஜ்ஜையில் வந்த வெள்ளணுக்கள், குடிபுகுந்த உடம்பையே பகையென்று எண்ணித் தோலையும் குடலையும் தாக்கின. திசுப்பொருத்தம் பார்த்து ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் மாற்றியபோது அவை கூடுதல் காலம் வாழ்ந்தன என்று 1968-இல் தெரிந்தது.

பசென்ஜி இன நாய்களில் பிறவி ரத்தச்சோகை ஒன்றுண்டு. நொதிக் குறையால் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்துபோகும். 1970-களில் சியாட்டிலில், ஆரோக்கியமான குட்டியின் மஜ்ஜையை ஏற்றியதும் சோகை தீர்ந்தது. ரத்தம் உண்டாகிற பட்டறையையே மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்! 1981-இல் அங்கேயே தலசீமியா குழந்தை ஒன்றுக்குச் செய்தார்கள், வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல்.

பெற்றவர் ஒவ்வொருவரும் தருவது பாதிப் பொருத்தமே. கூடப்பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அவருக்குத் தலசீமியா மைனர் இருந்தாலும் பரவாயில்லை, மஜ்ஜை கொடுக்கலாம்.