பிரேக்குக்கு எட்டாத ஒரு விநாடி

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் செல்கிறது. அதன் பக்கத்திலேயே மற்றொரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 28 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறான். இரு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் அவனைப் பார்த்துவிட்டார்கள் எனக் கொள்வோம். என்ன நிகழும்?

கண் கண்டதற்குக் கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதற்குள் முதல் கார் 14 மீட்டரும் இரண்டாவது கார் 17 மீட்டரும் ஓடிவிடும். பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது.

வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50-இன் வர்க்கம் 2500. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக், மீட்டருக்குச் சுமார் 180 வீதம் இதைத் தின்று தீர்க்கும். எனவே முதல் கார் மேலும் 14 மீட்டர் சென்று, சிறுவனின் காலடியில் நின்றுவிடும். இரண்டாவது காருக்கு மிஞ்சியிருப்பதோ 11 மீட்டர்தான். 3600-இலிருந்து ஏறத்தாழ 2000 போனால் மீதி 1600. அதன் வர்க்கமூலம் 40. ஆம், அந்தக் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சிறுவன் மீது மோதும்! பத்துக் கிலோமீட்டர் வேறுபாடுதானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பலகையால் அந்த ஒரு விநாடியைக் குறைக்க முடியாது. ஆகவே சாலையையே மாற்று என்கிறார் பொறியாளர். மனிதன் தவறு செய்வான், அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலை அமைய வேண்டும் என்ற கொள்கையைச் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் ஏற்றது.

ரவுண்டானாவை எடுத்துக்கொள்வோம். இரு சாலைகள் குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் வெட்டும், சேரும், பிரியும் இடங்கள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை எட்டே எட்டு. நேர்க்குறுக்காக வெட்டும் இடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே சுற்றும் வண்டிக்கு வெளியிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும். இல்லாவிடில் வட்டம் நிரம்பி, வெளியேற வேண்டியவரும் சிக்கிக்கொள்வார். பிரிட்டன் 1966-இல் இதை விதியாக்கியது. நம் ஊர் ரவுண்டானாக்களில் போலீஸ்காரர் நின்று கையை ஆட்ட வேண்டியிருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

வட்டத்தின் வளைவும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாதையின் ஆரம் 15 மீட்டர். பயணிகள் சங்கடமின்றித் தாங்கும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு எனக் கொண்டால், மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போக ஓட்டுநருக்கே மனம் வராது. அந்த வேகத்தில், ஒரு விநாடித் தாமதத்தையும் சேர்த்து, கார் 10 மீட்டருக்குள் நின்றுவிடும்.