பழைய டாஸ் நிரல்கள் மீண்டும் ஓடுமா?

நன்னிலம் வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட டாஸ் நிரலில்தான் அதன் கணக்கு முழுவதும் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எத்தனை மூட்டை நெல் வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். ஒரு நாள் அந்தக் கணிப்பொறி நின்றுவிடுகிறது. பிளாப்பித் தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், பெட்டி இருந்து சாவி தொலைந்த கதைதான்!

தமிழுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984-இல் 'ஆதமி' என்னும் தமிழ் எழுதியை டாஸுக்காக உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' 1985-இல் தொடங்கியது. அந்நாளில் தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான எண்வரிசை கிடையாது. இன்று யூனிகோடில் 'அ' என்பதற்கு 2949 என்ற எண் உண்டு. அன்றோ ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. எனவே பழைய கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று காட்டவல்லது, அதை எழுதிய பழைய நிரலேயாகும்.

ஏன் நேராக ஓடுவதில்லை?

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது 8088 என்னும் சில்லு. டாஸ் நிரல்கள் 640 கிலோபைட் நினைவகத்துக்குள் வாழ்ந்தன. திரை, அச்சுப்பொறி எதையும் அவை யாரையும் கேளாமல் நேரடியாகத் தொட்டன. இன்றைய கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆளுக்கு ஆள் வரப்பை வெட்டி நீர் பாய்ச்சினால் என்ன ஆகும்? ஆகவே லினக்ஸ் அதை அனுமதிப்பதில்லை.

மென்பொருளால் ஆன கணிப்பொறி

இதற்குத் தீர்வு, இல்லாத கணிப்பொறியை இருப்பதுபோல் காட்டுவது. டாஸ்பாக்ஸ், கியூஇஎம்யு போன்றவை இதைச் செய்கின்றன. இவற்றைத் துபாஷி எனலாம். பழைய நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, பழைய சில்லு தரும் அதே விளைவை இவை தருகின்றன. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இடையில் துபாஷி இருந்தால் வேகம் குறையாதா? குறையும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய பி.சி.யின் துடிப்பு வினாடிக்கு 47.7 லட்சம். வினாடிக்கு 100 கோடித் துடிப்புள்ள எளிய கணிப்பொறியே அதைவிட 200 மடங்குக்கு மேல் விரைவானது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், அதில் ஓர் எளிய லினக்ஸை நிறுவினாலே போதும். டாஸுக்குப் பதிலாக, ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃபிரீடாஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

வலையமைப்பு எப்படி?

டாஸுடன் வலையமைப்பு பிறக்கவில்லை. அதைப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். முதற்படி, வலையட்டை. கியூஇஎம்யு, 'என்இ2000' என்னும் பழைய அட்டையையும் மென்பொருளாலேயே செய்து காட்டும். இரண்டாவது, அந்த அட்டையோடு பேசும் பாக்கெட் டிரைவர். மூன்றாவது, எம்டிசிபி போன்ற தொகுப்பு. கோப்புகளை அனுப்பவும் பெறவும் இதில் கருவிகள் உண்டு.

ஆனால் பெரும்பாலும் இவ்வளவு தொல்லை தேவையில்லை. லினக்ஸின் ஓர் அடைவையே டாஸ்பாக்ஸில் 'சி' தட்டாகக் காட்டலாம். டாஸ் நிரல் எழுதும் கோப்பு உடனே லினக்ஸில் கிடைக்கும். அதை வெளியே அனுப்பும் வேலையை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. டாஸில் கடவுச்சொல்லோ காவலோ கிடையாது. இன்றைய இணையதளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மறையாக்கமும் எம்டிசிபியில் இல்லை. ஆகவே ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே மதகு இருப்பதுபோல், டாஸுக்கும் இணையத்துக்கும் இடையே லினக்ஸ் இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டியது

பிளாப்பித் தட்டில் தகவல் காந்தப் பதிவாக இருக்கிறது. ஈரமும் பூஞ்சையும் தட்டைக் கெடுக்கும். காந்தப் பதிவும் காலப்போக்கில் மங்கும். ஆகவே முதலில் தட்டுகளை நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்புகளை மட்டும் எடுத்து நிரலை எறிந்துவிடாதீர்கள். பெட்டியையும் சாவியையும் சேர்த்தே காக்க வேண்டும் அன்றோ?