சைகோன் உணவகமும் நம் மளிகைக் கடையும்



வியட்நாம் நாட்டுச் சாப்பாட்டுக்கும் திருச்சி மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பாட்டில் சாஸ் என் எண்ணத்தை மாற்றியது. என் தவறைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்களுக்கு அது பாடமாக இருக்கட்டும்.

நான் மொத்த வியாபாரி. ஆனால் கடை வாசலில் சில்லறையும் உண்டு. ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஓர் அம்மாள் பல வருஷமாக மாதச் சாமான் வாங்கி வந்தார். பெங்களூரில் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே வியட்நாம் உணவகத்தில் சாப்பிட்ட அரிசி நூடுல்ஸை வீட்டில் செய்யச் சொல்கிறான், அதற்கு ஏதோ சாஸ் வேண்டுமாம் என்று கேட்டார். அப்போது ஒரு ஏஜெண்டு என்னிடம் பல வெளிநாட்டுப் பாட்டில்களைத் தலையில் கட்டியிருந்தார். நான் அதில் ஒன்றை எடுத்து, "சோயா சாஸ் மாதிரிதாம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். உள்ளே இருந்தது நெத்திலி மீனில் எடுத்த சாறு. மருமகள் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சொன்னாளாம். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "பாத்திரத்தையே தூக்கிப் போட்டுட்டேன். நீங்க குடுத்தா சரியா இருக்கும்னு நான் படிச்சுக்கூடப் பாக்கலை" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடுத்த மாதச் சாமானுக்கு அவர் வரவில்லை.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு நேர் விமானம் தொடங்கியது. அன்னாசிப் பூவும் பட்டையும் கொள்முதல் விசாரிக்க என் மருமகன் 2024 தொடக்கத்தில் புறப்பட்டபோது நானும் கூடச் சென்றேன். விற்கிற சரக்கை அது பிறந்த ஊரில் பார்த்துவிடுவோம் என்பதுதான் எண்ணம்.

நம்மவர் வாழ்ந்த ஊர்

ஹோ சி மின் நகரின் பழைய பெயர் சைகோன். 1976ல் பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் இன்றும் சைகோன் என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் அங்கே அரசு வேலைக்கும் காவல், ராணுவப் பணிக்கும் போனார்கள். நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். தமிழ் முஸ்லிம்கள் ஜவுளிக்கடை வைத்தார்கள். நகரின் நடுவே மாரியம்மன் கோயிலும், தண்டாயுதபாணி கோயிலும், சுப்பிரமணியர் கோயிலும் இருக்கின்றன. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது. 1954ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பலர் ஊர் திரும்பினார்கள். 1975க்குப் பின் மீதிப் பேரும் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலில் இன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் மக்கள்தான்.

திரும்பி வந்தவர்கள் அந்த ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். சிலருக்கு மனைவியே அந்த ஊர். புதுச்சேரியில் சில வீடுகளில் இன்றும் 'சாயோ' என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். அரிசித் தாளில் பூரணம் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. ஆகவே இந்தச் சமையல் தமிழ்நாட்டுக்கு நேற்று வந்ததல்ல.

இலை வடாம் போல ஒரு தாள்

முதலில் அந்த அரிசித் தாளைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீடுகளில் அரிசி மாவை இலையில் தடவி ஆவியில் வேகவைத்து உரித்துக் காயப்போடுவோமே, அந்த இலை வடாம்தான் அது. அவர்கள் கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் மாவை மெல்லிசாகத் தேய்த்து வேகவைத்து, மூங்கில் தட்டியில் உலர்த்துகிறார்கள். நாம் பொரிக்கிறோம். அவர்கள் தண்ணீரில் நனைத்து, உள்ளே கீரை, அரிசிச் சேமியா, இறால், பன்றி இறைச்சி வைத்துப் பச்சையாகவே சுருட்டுகிறார்கள். இதற்கு 'கோய் குவோன்' என்று பெயர். பொரித்தால் 'சா யோ', அதுதான் புதுச்சேரிச் சாயோ. கடையில் வரும் பாக்கெட்டுகளில் பலவற்றில் அரிசி மாவோடு மரவள்ளி மாவும் சேர்ந்திருக்கும். தாள் கிழியாமல் இருப்பதற்காக அது.

காலையில் ஒரு கடையில் 'பான் ஹோய்' என்று தட்டில் வைத்தார்கள். பார்த்தால் நம் இடியாப்பம்! 'பான் ஸேயோ' என்பது அரிசி மாவில் மஞ்சள் தூள் கலந்து, தேங்காய்ப் பாலும் ஊற்றிக் கரைத்துச் சுடும் தோசை. கல்லில் ஊற்றும்போது எழும் சத்தத்தை வைத்தே 'ஸேயோ' என்று பெயர் வந்ததாம். நெல் விளையும் பூமியில் கைகள் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

பிரியாணிச் சாமானில் ஒரு சூப்

வியட்நாம் என்றால் உலகத்துக்குத் தெரிந்த உணவு 'ஃபோ'. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றில் தட்டையான அரிசி நூடுல்ஸைப் போட்டுத் தருவார்கள். பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழியிலும் உண்டு. வடக்கே பிறந்த உணவு இது. 1954ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து வந்தவர்களால் சைகோனில் பெருகியது.

நான் அசைவம் சாப்பிடுவதில்லை. கடைக்காரர் அனுமதியோடு சமையற்கட்டை மட்டும் எட்டிப் பார்த்தேன். மசாலா கட்டிய துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். அன்னாசிப் பூ, பட்டை, கிராம்பு, தனியா, பெரிய கருப்பு ஏலக்காய். தனியே நெருப்பில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் இருந்தன. "மாமா, நம்ம பிரியாணிச் சாமானை அப்படியே கட்டி வச்சிருக்காங்க" என்றார் மருமகன். உண்மைதான். நாம் நெய்யில் தாளித்து வாசனை ஏற்றுகிறோம், அவர்கள் தண்ணீரில் இறக்குகிறார்கள்.

தட்டில் கூடவே முளைகட்டிய பாசிப்பயறு, எலுமிச்சை, மிளகாய், ஒருவகைத் துளசி வருகிறது. அந்தத் துளசி நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம். சப்ஜா விதை என்று நாம் விற்பது அந்த இனச் செடியின் விதைதான்.

மாம், சாய்: இரண்டு சொற்கள்

இனி என்னைக் கவிழ்த்த பாட்டிலுக்கு வருவோம். அதன் பெயர் 'நுவொக் மாம்'. நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கிச் சுமார் ஒரு வருஷம் ஊறவிட்டு வடித்த சாறு. ஃபூ குவொக் தீவும் ஃபான் தியெட் ஊரும் இதற்குப் பேர்போனவை. லேபிளில் 30, 40 என்று ஓர் எண் இருக்கும். அது நைட்ரஜன் அளவு. எண் கூடினால் சாறு கெட்டி, விலையும் கூடும். நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் இதை ஊற்றுகிறார்கள். அதனால்தான் "இதில் மீன் இல்லை, இறைச்சி இல்லை" என்று ஒருவர் சொல்லும் கீரைப் பொரியலிலும் இது இருக்கலாம்.

சோயாவில் செய்ததற்கு 'நுவொக் துவொங்' என்று பெயர். நிறத்தைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தேன், பட்டேன்.

சைவர்கள் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'சாய்' என்று பலகை போட்ட உணவகங்கள் நிறைய இருக்கின்றன. புத்த மதத்தினர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமி கணக்கில், இறைச்சி தவிர்ப்பது அங்கே வழக்கம். கட்டுப்பாடு மிகுந்தவர்கள் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இது புதிதா என்ன? சாய் உணவகத்தில் காளான், சோயாக் கட்டி, காய்கறிகளை வைத்தே ஃபோவும் சுருளும் செய்கிறார்கள். மீன் சாறுக்குப் பதிலாக மீன் சேராத சாஸ் ஊற்றுகிறார்கள். நான் வயிறார உண்டது அங்கேதான்.

கறியும் காபியும்

1914ல் திறந்த பென் தான் சந்தை சைகோனின் காந்தி மார்க்கெட் என்று சொல்லலாம். அங்கே மசாலாக் கடையில் மஞ்சள் நிறப் பொடியைக் காட்டி என்னவென்று கேட்டேன். "கா ரி" என்றார் கடைக்காரப் பெண். நம் கறிதான்! கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டு, எலுமிச்சைப் புல்லோடு தேங்காய்ப் பாலில் அந்தப் பொடியைக் கொதிக்கவிட்டு, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ரொட்டி பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. அதையே பிளந்து ஊறுகாய்க் காரட், கொத்தமல்லித் தழை, இறைச்சி வைத்தால் 'பான் மீ'. பிரெஞ்சுக்காரர் போய்விட்டார், ரொட்டி நின்றது. நம்மவரும் வந்துவிட்டார்கள், கறிப்பொடி நின்றது.

காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்து வியட்நாம்தான். பெரும்பாலும் ரொபஸ்டா. டம்ளரின் மேல் சிறு தகர வடிகட்டியை வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்கி, கெட்டிப் பாலோடு ஐஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். டிகாக்ஷன் குடித்து வளர்ந்த நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிப்புதான் அதிகம்.

வணிகர்கள் கவனத்திற்கு

சென்னையிலும் பெங்களூரிலும் உணவகத்தில் சாப்பிட்ட பிள்ளைகள் ஊருக்கு வந்து நம் கடையில்தான் கேட்கிறார்கள். அரிசித் தாள், அரிசி நூடுல்ஸ், சாஸ் வைக்கலாம். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ, அசைவக் குறி கட்டாயம் இருக்க வேண்டும். பச்சை வட்டம் சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம். இந்த விவரங்கள் இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டு, குறைவாக வாங்குங்கள். இவை அரிசி, பருப்பு போல ஓடும் சரக்கல்ல. தேதி முடிந்தால் நஷ்டம் நமக்குத்தான். ஏஜெண்டு திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, ஏற்கெனவே விற்கும் சரக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பட்டை என்று விற்பதில் பெரும்பகுதி வியட்நாம், சீனா, இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா. இலங்கைச் சுருள் பட்டை வேறு. கேட்பவருக்கு எது எதுவென்று சொல்லி விற்க வேண்டும். அன்னாசிப் பூவிலும் கவனம் தேவை. இதே சாயலில் ஜப்பானிய வகை ஒன்று உண்டு. அது விஷம், வலிப்பு வரும். சின்னதாக, நுனி கூர்மையாக வளைந்து, சோம்பு வாசனை இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பொடியானபின் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முழுப் பூவாக, தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

நான்கு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் அதற்காகக் கோபிக்க மாட்டார். 'மாதிரிதான்' என்று சொல்லி விற்றதற்குத்தான் நான் தலைகுனிந்தேன்.

ஊர் திரும்பியதும் சாஸ் வகையில் அசைவத்தைத் தனித் தட்டில் வைத்து, 'மீன் சேர்ந்தது' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். சில மாதம் கழித்து உத்திர வீதி அம்மாள் துவரம்பருப்பு வாங்க வந்தார். தட்டில் இருந்த அட்டையைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாதச் சீட்டை எடுத்து நீட்டினார். இப்போது தொடர்ந்து வருகிறார். ஆனால் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படித்த பிறகே பையில் போடுகிறார். அவர் செய்வது சரிதான். அவருக்கு முன்னால் நாம் படித்திருக்க வேண்டும்.