வெயிலும் விளையாட்டும்

2024 மார்ச்சில், வெப்பமிகு நாட்களில், திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கேற்ற 16 வயது மாணவரொருவர் உயிரிழந்தமை நாடறிந்த துயரம்.

நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. இக்குளிரில் வளர்ந்த உடல் தாழ்நில வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். ஆகவே, போட்டிக்காகக் கீழிறங்குவோர் முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓடலாகாது. இடையிடையே நீர் அருந்துங்கள், நிழலில் ஓய்வெடுங்கள். தலைச்சுற்றலோ வாந்தியோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். பேச்சோ நினைவோ தடுமாறினால் அது வெப்ப அதிர்ச்சியாகலாம். உடலில் நீரூற்றிக் குளிர்வித்தவாறே வைத்தியசாலைக்கு விரையுங்கள். மயங்கியவரின் வாயில் நீர் புகட்டாதீர்கள்.

கடும் வெப்பத்தில் ளுஹர் தொழுகையையே சற்றுத் தாமதப்படுத்தப் பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். தொழுகைக்கே இச்சலுகையெனில், போட்டியை மாலைக்கு மாற்றுவதில் இழுக்கென்ன? உயிர் அமானிதம்; அதனைப் பேணுவோமாக!