கிறிஸ்துமஸ் நேரத்தில் "காலி பண்ணு" நோட்டீசு! 14 பாட்டில் ஒரு ஊரின் கதை

ஸ்ரீபெரும்புதூர்:-
"நோட்டீசு" என்றாலே ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் அடிவயிறு கலங்கும். நெல் விளைந்த இடத்தில் இன்று கார் கம்பெனிகள் நிற்கின்றன. நிலத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. வேலைக்கு வந்து ஒரே வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்கி இருப்பவர்களும் உண்டு.

அவர்களுக்குப் புரியக்கூடிய கிறிஸ்துமஸ் பாட்டுப் படம் ஒன்று, "கிறிஸ்துமஸ் ஆன் தி ஸ்கொயர்". வீட்டு டெலிவிஷனுக்கென்றே எடுத்த அமெரிக்கப் படம். 2020 நவம்பரில் நெட்பிளிக்சில் வெளியானது.

ஊரை விற்கும் சீமாட்டி

அப்பா இறந்ததும் ஊர் திரும்புகிறாள் பணக்காரி ரெஜினா. ஊர் நிலம் பூராவும் அவளுடையது. பெரிய வணிக வளாகம் கட்டும் கம்பெனிக்கு விற்கத் துடிக்கிறாள். பண்டிகை நேரம் பார்த்து கடைக்காரர், குடித்தனக்காரர் எல்லோருக்கும் நோட்டீசு! ஊரே கூடிப் பாடி எதிர்க்கிறது. பிச்சைக்காரி வேடத்தில் வந்த தேவதை புத்தி சொல்ல, கடைசியில் மனம் மாறுகிறாள்.

தேவதையாக நடித்தவர் பாடகி டாலி பார்ட்டன். 14 பாட்டுகளையும் எழுதியவர் அவரே. ஏழை விவசாயியின் 12 பிள்ளைகளில் 4-வதாகப் பிறந்தவர். 2021-ல் சிறந்த டெலிவிஷன் படத்துக்கான எம்மி பரிசு இதற்குக் கிடைத்தது.

இங்கே என்ன வழி?

தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி முதலில் நோட்டீசு கொடுத்து, நிலக்காரரின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். வாடகைக்காரருக்கு 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் உண்டு.

தேவதை வருவாள் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டீசு வந்தால் கெடு தேதியைப் பார்த்து, பதில் எழுதிக் கொடுப்பதே புத்திசாலித்தனம்!