சான்சிபாரில் நம்ம ஐ.ஐ.டி!

1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஹெலிகோலாண்ட் தீவு ஜெர்மனிக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பிரிட்டனின் பிடிக்கு. தீவு மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1963 வரை இதே நிலைதான்.

இங்கே சென்னையில், 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அடையாறு அருகே உருவானது ஐ.ஐ.டி மெட்ராஸ். அதே ஐ.ஐ.டி, 2023 நவம்பரில் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐ.ஐ.டி இதுதான்! அதன் பொறுப்பை ஏற்ற ப்ரீத்தி அகாலயம், ஐ.ஐ.டி வரலாற்றிலேயே முதல் பெண் இயக்குநர்.

டேட்டா சயின்ஸ், ஏ.ஐ படிக்க ஆப்பிரிக்க மாணவர்கள் இனி ஐரோப்பாவுக்குத்தான் பறக்க வேண்டும் என்றில்லை. இந்த முறை ஒப்பந்தத்தில் சான்சிபார் அரசின் கையெழுத்தும் இருக்கிறது. 1890-க்கும் 2023-க்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கையெழுத்துதான்!